வெயிலுக்கும் மின்வெட்டுக்கும் நடுவே ஒரு வன்தட்டு

தருமபுரி மாவட்டத்தின் அரூர் போன்ற ஒரு வட்டத் தலைமையிடத்திலும் இன்று நடுத்தரக் குடும்பமொன்றின் நினைவுகளும் ஆவணங்களும், அதாவது திருமண வீடியோக்கள், நிலப்பத்திரங்களின் ஸ்கேன் படிகள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவை, பெரும்பாலும் மின்கோப்புகளாகவே இருக்கின்றன. அவற்றை ஓரிடத்தில் வைத்து, வீட்டிலுள்ள கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி ஆகிய அனைத்திலிருந்தும் எடுத்துக்கொள்ள உதவும் சேமிப்புப் பெட்டிக்கு 'நாஸ்' என்று பெயர். இரண்டு அல்லது நான்கு வன்தட்டுகளைச் செருகிக்கொள்ளும் இச்சிறு கணினி இரவு பகலாக ஓடும் இயல்புடையது. பெட்டி பழுதானால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். தட்டு பழுதானால் அதிலிருந்த படங்கள் பெரும்பாலும் மீள்வதில்லை என்பதால், எந்த நிறுவனத்தின் ஹார்டு டிஸ்க் நீடித்து உழைக்கும் என்ற கேள்வியே முதலில் எழுகிறது.

அக்கேள்விக்கு நிறுவனங்கள் தரும் விடை, 'எம்.டி.பி.எஃப்.' எனப்படும் பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரிக் காலம். வீட்டு நாஸ் தட்டுகளின் விவரத்தாளில் இது பெரும்பாலும் 10 லட்சம் மணி நேரம், அதாவது 114 ஆண்டுகள் எனக் காணப்படும். எந்தத் தட்டும் அவ்வளவு காலம் ஓடும் என்று இதற்குப் பொருளில்லை. ஆயிரம் தட்டுகள் ஓராண்டு ஓடினால் ஏறத்தாழ ஒன்பது பழுதாகலாம் என்பதே இதன் பொருள். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் சுமார் ஒரு லட்சம் தட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவோ, நடைமுறையில் ஆண்டுக்கு நூற்றுக்கு 2 முதல் 4 தட்டுகள் மாற்றப்படுவது வழக்கம் எனக் காட்டியது. 2013 முதல் தன் தட்டுகளின் பழுதுக் கணக்கை வெளியிட்டுவரும் அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனத்தில், 2023இல் இந்த விகிதம் ஏறத்தாழ நூற்றுக்கு 1.7 ஆக இருந்தது.

இக்கணக்குகள் உணர்த்துவது, நிறுவனப் பெயரை மட்டும் நம்பித் தட்டு வாங்குவதில் பயனில்லை என்பதுதான். சீகேட்டின் 3 டெராபைட் மாதிரியொன்று பேக்பிளேஸில் பெருமளவில் பழுதாகிப் பெயர் கெட்டது. அதே நிறுவனத்தின் 4 டெராபைட் தட்டுகள் அங்கேயே நன்கு உழைத்தன. 2000ஆம் ஆண்டையொட்டி ஐ.பி.எம்.மின் டெஸ்க்ஸ்டார் வரிசை அடுக்கடுக்காகச் செயலிழந்தது. அப்பிரிவை ஹிட்டாச்சி ஏற்ற பிறகு வந்த எச்.ஜி.எஸ்.டி. தட்டுகள், பேக்பிளேஸ் பட்டியல்களில் மிகக் குறைந்த பழுது கண்டவற்றுள் இடம்பெற்றன. எனவே வாங்குவோர் பார்க்க வேண்டியது மாதிரி எண்ணையும், அத்தட்டு எழுதும் முறையையும்.

எழுதும் முறை இரண்டு. 'சி.எம்.ஆர்.' என்னும் வழக்கமான முறையில் காந்தத் தடங்கள் ஒன்றையொன்று தொடாமல் அமைகின்றன. 'எஸ்.எம்.ஆர்.' முறையில், கூரையில் ஓடு வேய்வதைப் போல ஒரு தடத்தின் விளிம்பின்மீது அடுத்த தடம் ஏறி அமைகிறது. கொள்ளளவு கூடினாலும், இடையில் உள்ள ஒன்றைத் திருத்த வேண்டுமானால் அடுத்தடுத்த தடங்களையும் மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது. எப்போதாவது நகலெடுத்து எடுத்துவைக்கும் தட்டுக்கு இது குறையாகாது. நாஸ் பெட்டியில் ஒரு தட்டு பழுதாகி, புதிய தட்டில் தரவு முழுவதும் மறுபடி எழுதப்படும்போதுதான் இடர் தெரிகிறது. நாஸுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையின் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாதிரிகள் எஸ்.எம்.ஆர். முறையிலானவை என்பது 2020இல்தான் வெளிப்பட்டது. அவ்வாண்டு நடந்த சோதனையொன்றில், மற்ற தட்டுகள் ஒரு நாளுக்குள் முடித்த மறுகட்டமைப்புக்கு அத்தகைய தட்டு ஒன்பது நாளுக்கும் மேல் எடுத்துக்கொண்டது. அத்தனை நாளும் எஞ்சிய பழைய தட்டுகள் இடைவிடாமல் உழைக்க, அவற்றில் இன்னொன்றும் பழுதாகும் வாய்ப்பு கூடுகிறது. பின்னர் அந்நிறுவனம் சி.எம்.ஆர். தட்டுகளை 'ரெட் பிளஸ்' எனத் தனியே பெயரிட்டது; வாங்கும் முன் விவரத்தாளில் 'சி.எம்.ஆர்.' என்ற சொல்லைத் தேடிப் பார்ப்பது, எந்தப் பரிந்துரையையும்விடப் பயன் தரும்.

தருமபுரி மாவட்டத்தின் கோடை, இத்தேர்வில் தானும் பங்கு கேட்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளைக் கொண்டு கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரை, மிதமான வெப்பம் பலரும் அஞ்சிய அளவுக்குத் தீங்கு செய்யவில்லை என்றது; ஆனால் மூன்றாண்டைக் கடந்த தட்டுகள் மிகுந்த வெப்பத்தில் கூடுதலாகப் பழுதானதையும் அதே கட்டுரை பதிவு செய்தது. ஏப்ரல், மே மாதங்களில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை இரவிலும் தணியாத ஊரில், மூடிய அலமாரிக்குள்ளோ பரண் மீதோ பெட்டியை வைப்பது அந்த எல்லையை நாமே தேடிச் செல்வதாகும். தரைத்தளத்தில், காற்றோட்டமுள்ள, தூசு குறைந்த மூலை போதுமானது. வேகம் குறைந்த 5400 சுழற்சித் தட்டுகள் பொதுவாகக் குறைந்த வெப்பத்தையே உண்டாக்குவதால், வீட்டுக்கு அவையே பொருந்தும்.

வெப்பத்தைவிட மின்சாரம் தரும் தொல்லை பெரிது. மின்சாரம் நிற்கும் நொடியில் தட்டின் படிப்பு முனை தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் எழுதி முடியாத தரவும், கோப்புகளின் இருப்பிடத்தைக் குறிக்கும் அட்டவணையும் சிதையக்கூடும். வீட்டு இன்வெர்ட்டரில் 'யூ.பி.எஸ். மோடு' இயங்காதபோது, மின்சாரம் மாறும் சிறு இடைவெளியிலேயே நாஸ் அணைந்துவிடலாம். யூ.எஸ்.பி. இணைப்புள்ள சிறிய யூ.பி.எஸ். ஒன்று, பேட்டரி தீரும் முன்பே பெட்டியை முறைப்படி நிறுத்தச் செய்யும். விலையுயர்ந்த தட்டுக்குச் செலவிடும் கூடுதல் பணத்தை இதற்குச் செலவிடுவதே அறிவுடைமை.

தட்டு தன் உடல்நிலையைத் தானே பதிந்துகொள்ளும் 'ஸ்மார்ட்' என்னும் குறிப்பேடும் உண்டு. வாசிப்புப் பிழை முதன்முதலாகத் தென்பட்ட தட்டு, அடுத்த 60 நாளுக்குள் பழுதாகும் வாய்ப்பு பிற தட்டுகளைவிட 39 மடங்கு என்று கூகுள் ஆய்வு கண்டது. அதே ஆய்வில், பழுதான தட்டுகளில் நூற்றுக்கு 36, இக்குறிப்பேட்டில் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே நின்றுபோயின. ஒன்று போனாலும் மற்றது காக்கும்படி பல தட்டுகளை இணைக்கும் 'ரெய்டு' அமைப்பும், தவறுதலான அழிப்பிலிருந்தும் இடியிலிருந்தும் திருட்டிலிருந்தும் காப்பதில்லை. எனவே சேலத்திலோ தருமபுரியிலோ உள்ள உறவினர் வீட்டில் இன்னொரு படி இருந்தே ஆக வேண்டும்.

இணையவழியில் வாங்குவோருக்கு மேலும் ஓர் எச்சரிக்கை தேவை. சியா என்னும் மின்நாணயத்துக்காக ஓடித் தேய்ந்த சீகேட் தட்டுகள், குறிப்பேடு பூச்சியமாக்கப்பட்டுப் புதியவையாக விற்கப்பட்டது 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் வெளிச்சத்துக்கு வந்தது. அத்தட்டுகளில் 'ஃபார்ம்' என்ற தனிப் பதிவு அப்படியே இருந்ததால், உண்மையான உழைப்பு நேரம் தெரியவந்தது. தட்டு கைக்கு வந்ததும் வரிசை எண்ணை நிறுவனத்தின் வாரண்டிப் பக்கத்தில் சரிபார்த்து, இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டு, முழுப்பரப்பையும் ஒருமுறை வாசிக்கச் செய்தால், குறையுள்ள தட்டைக் குடும்பப் படங்களை ஏற்றும் முன்பே கடைக்குத் திருப்பி அனுப்பிவிடலாம்.