பழைய கார் கிளம்பவில்லையா? முதலில் பெட்ரோல் வரும் வழியைப் பாருங்கள்



உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனாலும் நம்மவர் வீட்டு வாசல்களில் இன்னும் சில பெட்ரோல் அம்பாசிடர்கள் நிற்கத்தான் செய்கின்றன. வசூலுக்குப் போகவும், அவசரத்துக்கு நாலு மூட்டை ஏற்றவும் அந்த வண்டிக்கு ஈடு இல்லை. விடியற்காலையில் மண்டிக்குக் கிளம்பும் நேரத்தில் அது மக்கர் செய்தால்தான் வம்பு. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் முதலில் பாட்டரி என்பார், அடுத்து செல்ஃப் மோட்டார் என்பார், கடைசியில் பம்பு என்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பில்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பாட்டரிமேல் பழி போடவேண்டாம். சிறிது நேரம் செல்ஃப் அடித்துவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. கோளாறு மின்பொறியில் இருக்கலாம், அல்லது சோக்கை அதிகம் இழுத்ததால் பெட்ரோல் நிரம்பியிருக்கலாம். பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. கடைக்குச் சரக்கு வராவிட்டால் லாரி எந்த இடத்தில் நிற்கிறது என்று விசாரிப்போமே, அதே வேலைதான் இங்கும்.

டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். பழைய வண்டியில் முள் காட்டுவதை நம்ப முடியாது. அடுத்து டாங்கு மூடியைத் திறந்து வைத்து செல்ஃப் அடியுங்கள். மூடியில் காற்று போக ஒரு சிறு துவாரம் உண்டு. அது அடைத்தால் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வராது. திறக்கும்போது "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் காரணம் அதுதான்.

பிறகு கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, நுனியைத் தகர டப்பாவுக்குள் விடுங்கள். அதற்குமுன் காயிலுக்குச் சுவிட்சிலிருந்து வரும் சிறு வயரைக் கழற்றி, டேப் சுற்றி ஒதுக்கிவிட வேண்டும். பொறி பறந்தால் ஆபத்து. ஒருவர் செல்ஃப் அடிக்க, பெட்ரோல் விட்டு விட்டுப் பீச்சினால் பம்பு நலம். கோளாறு கார்புரேட்டரில்: மிதவை ஊசி ஒட்டியிருக்கும், அல்லது ஜெட்டில் தூசி. திருப்புளியின் மரப்பிடியால் மிதவை அறையை மெல்லத் தட்டினால் ஒட்டிய ஊசி விடுபடுவதுண்டு. ஜெட் வேலையை விவரம் தெரிந்தவரிடம் விடுங்கள்.

பெட்ரோல் வராவிட்டால்தான் பலர் உடனே புதுப் பம்பு வாங்குகிறார்கள். அவசரம் வேண்டாம். இந்தப் பம்பு இன்ஜினோடு சேர்ந்து இயங்கி, டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. டாங்குக்கும் பம்புக்கும் நடுவே ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால், செல்ஃப் சுற்றும்போது பெட்ரோலுக்குப் பதில் காற்றுதான் வரும். தரையில் ஒரு சொட்டுகூட ஒழுகாமல் இருக்கலாம். அதனால்தான் மேலே கீழே பார்த்துவிட்டு "லீக் இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். பம்பின் உள்வாயில் ஒரு புது ஹோஸை மாட்டி, மறுநுனியைச் சிறு கேன் பெட்ரோலில் அமிழ்த்துங்கள். இப்போது பம்பு பீச்சினால் பம்பைத் தொடவேண்டாம். குற்றம் பின்பக்கம், அதாவது ஃபில்டர், குழாய், ஹோஸ், டாங்கு இவற்றில் ஒன்றில். பீச்சாவிட்டால் பம்புதான். திருகாணி போட்ட பம்பைத் திறந்து டயாபிரம் மட்டும் மாற்றலாம். விளிம்பை மடித்து அடைத்த பம்பு என்றால் முழுதாக மாற்றவேண்டியதுதான்.

டயாபிரம் கிழிந்திருந்தால் பெட்ரோல் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்தாலோ ஆயிலையும் மாற்றாமல் வண்டியைக் கிளப்பக் கூடாது. இளகிய ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். அந்தச் செலவுக்கு ஒரு மாத லாபம் போதாது.

ஓடி வந்து நிறுத்தி, சூட்டோடு கிளப்பும்போது மட்டும் தகராறு என்றால் அது வேறு கதை. குழாயில் பெட்ரோல் ஆவியாகி நிற்கிறது. பம்பின்மேல் ஈரத்துணி போட்டு ஆறவிட்டால் சரியாகும்.

இன்னொன்று இக்காலத்து விவகாரம். 2025-ல் நாடெங்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. இது பழைய ரப்பரையும் கேஸ்கட்டையும் கெடுக்கும், டாங்கில் படிந்த கசடைக் கிளப்பி ஃபில்டரை அடைக்கும், ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால், டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைத் தெளிந்த பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். அடியில் தனிப் படலம் தேங்கினால் முழுவதையும் இறக்கிவிட வேண்டும். ஹோஸ் மாற்றும்போது எத்தனாலுக்குத் தாங்கும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள். மலிவு ஹோஸ் மறுபடியும் வெடிக்கும்.

கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றிக் கிளப்புவதைச் சிலர் கெட்டிக்காரத்தனமாக நினைக்கிறார்கள். இன்ஜின் எதிர்த்து வெடித்தால் தீ முகத்துக்கு வரும். வாயால் உறிஞ்சி இழுப்பதும் கூடாது. இந்தச் சோதனைகள் எல்லாம் வெட்டவெளியில், இன்ஜின் ஆறிய பிறகு நடக்கட்டும். டப்பாவில் பிடித்த பெட்ரோலைக் கடைக்குள் கொண்டுபோய் வைக்காதீர்கள். சாமி படத்துக்கு முன் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், பக்கத்திலேயே சாக்கு அடுக்கியிருக்கும்.