போஸ்ட்கிரெஸ் இடமாற்றமும் 1-1 என்ற பார்ட் நம்பரும்

கோயமுத்தூர்ல பம்ப், மோட்டார் ஸ்பேர்ஸ் விக்கிற கம்பெனிகளோட டேட்டாபேஸைத் திறந்தா, பார்ட் நம்பர்ல பெரும்பாலும் ஒரு கோடு இருக்கும். 1-1, 11, 110-2 இப்படி. இந்தச் சின்னக் கோடுதான் இன்னைக்கு விஷயம்.

சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஓட முடிஞ்சது. போஸ்ட்கிரெஸ் 13-க்கு 2025 நவம்பர். ஆக, ஓஎஸ், டேட்டாபேஸ் ரெண்டையும் மாத்த வேண்டிய கட்டாயம் பலருக்கு. ரெப்ளிகா வெச்சிருக்கிறவங்களுக்கு முதல்ல தோணுறது இதுதான்: புது மெஷின்ல ராக்கி 9 போட்டு, அதே போஸ்ட்கிரெஸ் பதிப்பை ஸ்ட்ரீமிங் ரெப்ளிகாவா ஓடவிட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி அதையே பிரைமரி ஆக்கிடலாம். பதிப்பை ஏத்துறதைப் பிறகு பார்த்துக்கலாம். கேட்க நியாயமாத்தான் இருக்கு.

ஆனா ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் டிஸ்க்கில் இருக்கிற பக்கங்களை அச்சு அசலா நகலெடுக்கும். இண்டெக்ஸும் அப்படியே வரும். பி-ட்ரீ இண்டெக்ஸ் என்பது வரிசைப்படுத்தி வெச்ச பட்டியல். எது முன்னாடி, எது பின்னாடின்னு முடிவு பண்றது பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ் இல்லை, லினக்ஸோட ஜிலிப்சி. 2018 ஆகஸ்ட்ல வந்த ஜிலிப்சி 2.28 அந்த வரிசை விதிகளை மொத்தமா மாத்திருச்சு. பழைய விதியில் 11 முதல்ல, 1-1 அடுத்து. புது விதியில் 1-1 முதல்ல. சென்ட்ஓஎஸ் 7-ல் இருக்கிறது 2.17, ராக்கி 9-ல் 2.34.

அதாவது, ஒரு அகரவரிசையில் அச்சடிச்ச டெலிபோன் டைரக்டரியை வேறொரு அகரவரிசை படிச்சவர் கையில் குடுத்த மாதிரி. ரோ டேபிள்ல இருக்கும். தேடினா இல்லைன்னு வரும். இதைவிட மோசம் யுனிக் இண்டெக்ஸ். ஏற்கெனவே இருக்கிறது அதுக்குக் கண்ணுல படாததால ரெண்டாவதையும் உள்ள விட்டுரும். ஒரே பார்ட்டுக்கு ரெண்டு ஸ்டாக் கணக்கு. இதுக்கு லாக்ல எர்ரரும் வராது. மாசக்கடைசி ஸ்டாக் எடுக்கும்போதுதான் தெரியும்.

சோதிக்கிறது சுலபம். ரெண்டு மெஷின்லயும், டேட்டாபேஸ் பயன்படுத்துற அதே லோகேல்ல, இந்த ரெண்டு வரியையும் சார்ட் கட்டளைக்குக் குடுத்துப் பாருங்க. விடை வேறன்னா, பிரைமரி ஆக்கின உடனே, அப்ளிகேஷனைத் திறந்துவிடுறதுக்கு முன்னாடி, டெக்ஸ்ட் காலம் உள்ள இண்டெக்ஸ் எல்லாத்தையும் ரீஇண்டெக்ஸ் பண்ணணும். டூப்ளிகேட் நுழைஞ்ச பிறகு பண்ணினா யுனிக் இண்டெக்ஸ் கட்டவே முடியாது. டேட்டாபேஸை "சி" கொலேஷன்ல உருவாக்கியிருந்தா இந்தத் தொல்லையே இல்லை.

எனக்குப் பிடிச்ச வழி, பதிப்பு 10 (2017) முதல் உள்ளேயே வர்ற லாஜிக்கல் ரெப்ளிகேஷன். பக்கங்களை இல்லாம ரோக்களை அனுப்புது; அதனால் 13-லிருந்து நேரா 17-க்குப் போகலாம், இண்டெக்ஸும் புது மெஷின்ல புது விதிப்படி கட்டப்படும். பிரைமரி கீ இல்லாத டேபிள்ல அப்டேட் தடுமாறும், அதை முன்னாடியே சரிபண்ணிடணும். சீக்வென்ஸ் எண்கள் 18 வரைக்கும் இதுல நகராது. பழைய மெஷின்ல பில் நம்பர் எங்க நின்னாலும் புதுசுல ஒண்ணுலிருந்து ஆரம்பிச்சு முட்டும். பரவாயில்லை, இது சத்தம் போட்டு விழுகிற பிழை. மேலே சொன்னது சத்தமே போடாதது.

17-ல் லினக்ஸை நம்பாத, உள்ளமைந்த சி.யுடிஎஃப்-8 கொலேஷன் வந்திருக்கு. யூனிகோட் எண் வரிசை, ஓஎஸ் மாறினாலும் மாறாது. ஆனா தமிழுக்கு அது சரிவராது: அதுல "ன" எழுத்து "ந"வுக்கு அடுத்தே நிக்குது, அதனால் மரத்துக்கு முன்னாடி மன்னன் வந்துருவார். பெயர்ப் பட்டியல் திரையில் காட்டுற இடத்தில் மட்டும், ஆர்டர் பை-யில் ஐசியு-வின் தமிழ் கொலேஷனைக் குறிப்பிட்டா மரம் தன் இடத்துக்கு வந்துரும், இண்டெக்ஸைத் தொடவும் வேண்டாம்.