ஹைப்ரிட் காரின் பாட்டரி அடுக்கைப் பழுதுபார்த்தல்

பெட்ரோல் எஞ்ஜினும் மின்சார மோட்டாரும் ஒருங்கே அமைந்த வண்டியை ஹைப்ரிட் கார் என்பர். சாதாரணக் காரில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் இயக்கச் சக்தி உஷ்ணமாக மாறி வீணாகிவிடுகிறது. ஹைப்ரிட் காரிலோ அச்சக்தியின் ஒரு பகுதி மின்சக்தியாக மாற்றப்பட்டுச் சேமிக்கப்படுகிறது. வண்டி மீண்டும் புறப்படும்போது அது பயன்படுகிறது. இச்சேமிப்பு வேலையைச் செய்வது, பெரும்பாலும் பின் இருக்கையை அடுத்து அமைந்துள்ள பாட்டரி அடுக்காகும்.

பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஹைப்ரிட் காரான டொயோட்டா பிரியஸ், 1997-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 2000-இல் பிற நாடுகளுக்கும் சென்றது. 2003-இல் வெளிவந்த அதன் இரண்டாம் அமைப்பு அமெரிக்காவில் ஏராளமாக விற்பனையாயிற்று. அவ்வண்டிகள் பழையனவானபோது பாட்டரி அடுக்குகள் தளரத் தொடங்கின. புதிய அடுக்கின் விலை, பழைய வண்டியின் மதிப்பில் பெரும்பகுதியாக இருந்தது. ஆகவே அங்கே பலர் தம் வீட்டுக் கார் கொட்டகையிலேயே அடுக்கைப் பிரித்துப் பழுதுபார்க்க முற்பட்டனர். இந்தியாவிலும் 2010-இல் பிரியஸ் அறிமுகமானது. பின்னர் வேறு பல ஹைப்ரிட் கார்களும் வந்துள்ளன. எனவே இப்பழுதுபார்க்கும் வேலை எங்கே பயன் தரும், எங்கே உயிருக்கே அபாயமாகும் என்பதைக் களப்பணியாளரும் தொழிற்பயிற்சி ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

அடுக்கின் அமைப்பு

இரண்டாம் அமைப்புப் பிரியஸ் காரின் அடுக்கை எடுத்துக்கொள்வோம். இதிலுள்ளவை நிக்கல்-உலோக ஹைட்ரைடு கலங்கள். இவற்றின் நேர்முனையில் நிக்கல் சேர்மமும், எதிர்முனையில் ஹைட்ரஜனை உறிஞ்சி வைக்கவல்ல ஓர் உலோகக் கலவையும் உள்ளன. இடையே உள்ள மின்பகு திரவம் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு என்னும் கடுங்காரக் கரைசல்.

ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தமும் 1.2 வோல்ட். ஆறு கலங்கள் ஒரே பிளாஸ்டிக் பெட்டியில் அடங்கி 7.2 வோல்ட் தொகுதியாகின்றன. இத்தகைய 28 தொகுதிகள் செம்புப் பட்டைகளால் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. ஆகக் கலங்கள் 168. மொத்த மின்னழுத்தம் 201.6 வோல்ட். அடுக்கின் கொள்ளளவு 6.5 ஆம்பியர்-மணி. இதில் அடங்கும் மின்சக்தி ஏறக்குறைய 1.3 யூனிட், ஒரு கிலோவாட் மின்அடுப்பை ஒன்றேகால் மணி நேரம் எரிக்கவே இது போதும். அளவு சிறிதாயினும், இச்சக்தியைச் சில நொடிகளில் பெருமளவில் வெளிவிடும் ஆற்றல் அடுக்குக்கு உண்டு. பயனும் அபாயமும் அங்கிருந்தே பிறக்கின்றன.

ஒரு கலம் தளர்ந்தால்

தொடர் இணைப்பில் எல்லாக் கலங்கள் வழியாகவும் ஒரே மின்னோட்டம் செல்கிறது. வலிய கலத்துக்கு அதிகம், நலிந்த கலத்துக்குக் குறைவு என்ற பாகுபாடு அதில் இல்லை. ஒரு கலத்தின் கொள்ளளவு மற்றவற்றில் பாதியாகக் குறைந்துவிட்டால், அதுவே முதலில் காலியாகும். மின்னேற்றத்தின்போது அதுவே முதலில் நிரம்பும். காலியான பின்னும் மற்றக் கலங்கள் அதன் வழியே மின்னோட்டத்தைச் செலுத்திக்கொண்டே இருப்பதால் அதன் முனைகள் தலைகீழாக மாறுகின்றன. நிரம்பிய பின்னும் மின்னேற்றம் தொடர்ந்தால் அது சூடேறி வாயுவை வெளிவிடுகிறது. இவ்விரு துன்பங்களும் அதை மேலும் நலியச் செய்கின்றன. எனவே அடுக்கின் வலிமை, அதிலுள்ள கலங்களின் சராசரி வலிமையன்று. மிக நலிந்த கலத்தின் வலிமையே ஆகும்.

இதனைத் தடுக்கவே காரின் கட்டுப்பாட்டுக் கருவி, அடுக்கை முழுதும் நிரப்பாமலும் முழுதும் காலியாக்காமலும் ஏறக்குறைய 40 முதல் 80 சதவீதத்துக்குள் வைத்திருக்கிறது. இரண்டிரண்டு தொகுதிகளை ஓர் இணையாகக் கொண்டு 14 இணைகளின் மின்னழுத்தத்தையும் அது கவனிக்கிறது. இணைகளுக்கிடையே வேறுபாடு மிகுந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். பி0ஏ80 என்ற குறியீடு பதிவாகும். அக்குறியீட்டின் பொருள் ‘பாட்டரி அடுக்கை மாற்றுக’ என்பதே. ஆயினும், 28 தொகுதிகளில் ஒன்றிரண்டே கெட்டிருக்கக்கூடும். வீட்டில் பழுதுபார்ப்போரின் நம்பிக்கைக்கு இதுவே ஆதாரம்.

அணைக்க முடியாத மின்சாரம்

வீட்டு மின்சாரத்தில் வேலை செய்பவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தொடங்கலாம். பாட்டரி அடுக்குக்கு அவ்வாறு மெயின் சுவிட்ச் கிடையாது. கார் நிறுத்தப்பட்டதும் ரிலேக்கள் திறந்து, வெளியே செல்லும் ஆரஞ்சு நிறக் கம்பிகளை அடுக்கிலிருந்து துண்டிக்கின்றன. ஆனால் அடுக்கின் உள்ளே மின்னழுத்தம் அப்படியே இருக்கிறது. பாதுகாப்புக்கென அமைந்த ஆரஞ்சு நிறச் செருகியைப் பிடுங்கினால் தொடர் இரு பகுதிகளாகப் பிரியும். அப்போதும் அபாயம் நீங்குவதில்லை. 28 தொகுதிகளை எந்த இடத்தில் பிரித்தாலும் ஒரு பகுதியில் 14-க்குக் குறையாத தொகுதிகள் இருக்குமன்றோ? அவற்றின் மின்னழுத்தம் குறைந்தது 100.8 வோல்ட். நேர் மின்னோட்டத்தில் 60 வோல்ட்டுக்கு மேற்பட்டதை அபாயகரமானதாகவே வாகனப் பாதுகாப்பு விதிகள் கொள்கின்றன.

வியர்த்த கைகளின் காரணமாக உடலின் மின்தடை 1,000 ஓம் அளவுக்குக் குறைந்தால், 201.6 வோல்ட் அதன் வழியே 0.2 ஆம்பியரைச் செலுத்தும். இம்மின்னோட்டம் மார்பின் வழியே சென்றால் இதயத் துடிப்பைக் குலைத்து உயிரைப் போக்கக்கூடும். மேலும் வீடுகளுக்கு வரும் மாறு மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைக் கடப்பதால் அதில் எழும் தீப்பொறி எளிதில் அணையும். நேர் மின்னோட்டத்தில் அவ்வாறு சுழி இல்லை; எழுந்த தீப்பொறி நின்று எரிந்து உலோகத்தையே உருக்கும். ஒரு திருகுச் சாவி இரு முனைகளின் குறுக்கே விழுந்தாலே இது நிகழும்.

ஆகவே கடைப்பிடிக்க வேண்டியவை இவை. முதலில் 12 வோல்ட் துணைப் பாட்டரியின் இணைப்பை அகற்ற வேண்டும். பின்னர், 1,000 வோல்ட்டுக்குச் சான்று பெற்ற ரப்பர் கையுறை அணிந்து ஆரஞ்சு நிறச் செருகியைப் பிடுங்கி, பிறர் எடுத்துப் பொருத்தாதவாறு தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். கையுறையை அணியுமுன் அதனுள் காற்றை அடைத்து அழுத்திப் பார்த்தால் ஊசித்துளை இருந்தாலும் தெரிந்துவிடும். இன்வெர்ட்டரிலுள்ள மின்தேக்கிகள் காலியாக 10 நிமிடம் காத்திருந்து, மின்னழுத்தம் இல்லை என்பதை மல்டிமீட்டரால் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். கைப்பிடி முழுவதும் காப்பிடப்பட்ட கருவிகளையே உபயோகிக்க வேண்டும். தனியாக ஒருவர் இவ்வேலையில் இறங்குதல் கூடாது. கடுங்காரம் தோலிலோ கண்ணிலோ பட்டால் நெடுநேரம் நீர் விட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சோதித்தலும் தேர்ந்தெடுத்தலும்

செம்புப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிய பின்னரே அடுக்கு 28 தனித்தனித் தொகுதிகளாகி ஓரளவு அபாயமற்றதாகிறது. தொகுதிகளுக்கு வரிசை எண் இட்டு, ஒவ்வொன்றின் மின்னழுத்தத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். நல்ல தொகுதி பொதுவாக 7.5 முதல் 8 வோல்ட் வரை காட்டும். ஒரு கலம் முற்றும் கெட்டிருந்தால் மற்றவற்றைவிட ஏறக்குறைய 1.3 வோல்ட் குறைந்திருக்கும்.

ஆனால், ஓய்விலுள்ள தொகுதியின் மின்னழுத்தம் அதன் கொள்ளளவைக் காட்டாது. சுமை ஏற்றிப் பார்த்தால்தான் உண்மை புலப்படும். காரின் 55 வாட் முகப்பு விளக்கு ஒன்றைத் தொகுதியுடன் இணைத்தால் ஏறக்குறைய 3 ஆம்பியர் செல்லும். இரண்டு நிமிடம் எரியவிட்டு, மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று ஒவ்வொரு தொகுதிக்கும் ஒப்பிட வேண்டும். இதனினும் சிறந்தது, கட்டுப்பாடுள்ள மின்னேற்றியால் முழுதும் ஏற்றி, இறக்கி, கிடைத்த ஆம்பியர்-மணியை அளப்பதாகும். மின்னேற்றும்போது தொகுதிகளை இருபுறமும் பலகை வைத்து இறுக்கிக் கட்ட வேண்டும். இல்லையேல் உள்ளழுத்தத்தால் பிளாஸ்டிக் பெட்டி உப்பிவிடும். ஹைட்ரஜன் வெளிவரக்கூடுமாதலால் காற்றோட்டமுள்ள, தீயற்ற இடத்திலேயே இதனைச் செய்தல் வேண்டும்.

வீட்டில் பழுதுபார்ப்போரில் பலர் தவறுவது இதற்கு அடுத்த படியில்தான். கெட்ட தொகுதியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்ததும் விளக்கு அணைந்துவிடுகிறது; வேலை முடிந்ததென்று கருதிவிடுகின்றனர். மற்ற 27 தொகுதிகளும் அதே வயதினவே. அதே வெயிலையும் உஷ்ணத்தையும் கண்டவையே. சில மாதங்களில் அடுத்த நலிந்த தொகுதி வீழ்கிறது. புதிய தொகுதி ஒன்றைப் பழையவற்றோடு சேர்ப்பதும் ஏற்றத்தாழ்வையே உண்டாக்கும். எனவே கொள்ளளவில் ஒத்த தொகுதிகளைத் தேர்ந்து சேர்ப்பதும், அனைத்தையும் ஒரே மின்னேற்ற நிலைக்குக் கொணர்வதுமே முறையான பழுதுபார்ப்பு. பெரும்பாலானவை நலிந்திருப்பதாக அளவுகள் காட்டினால், முழு அடுக்கையும் மாற்றுவதே சிக்கனம்.

மீண்டும் பொருத்தும்போது நேர்முனையும் எதிர்முனையும் மாறி மாறி வருமாறு வைப்பதில் கவனம் தேவை. பச்சை பூத்த செம்புப் பட்டைகளைச் சுத்தம் செய்து, கையேடு கூறும் அளவுக்கே மரைகளை முறுக்க வேண்டும். தளர்ந்த இணைப்பு சூடேறும். மிகையாக முறுக்கினால் முனை முறியும். பின் இருக்கையருகே உள்ள காற்று வழியையும் விசிறியையும் தூசியின்றித் துடைத்தல் மிக முக்கியம். தூசியால் காற்று தடைப்படுவதே பல அடுக்குகள் விரைவில் கெடுவதற்குக் காரணம்.

லித்தியம் அடுக்குகள்

மேற்கூறியவை நிக்கல் அடுக்குகளுக்கே பொருந்தும். பிற்கால ஹைப்ரிட் கார்கள் பலவற்றில் லித்தியம்-அயான் கலங்கள் உள்ளன. அவற்றின் மின்பகு திரவம் எரியக்கூடியது. மிகை மின்னேற்றமோ உட்புறக் குறுக்கிணைப்போ ஏற்பட்டால், வெப்பம் வெப்பத்தை வளர்த்துக் கலம் தீப்பற்றும். அத்தீ அண்டைக் கலங்களுக்கும் பரவும். விளக்கைக் கொண்டும் சாதாரண மின்னேற்றியைக் கொண்டும் அவற்றை வீட்டில் சோதிக்கக் கூடாது. எனவே எவ்வகை அடுக்கு என்று அறியாமல் மூடியைத் திறக்கலாகாது.

வகுப்பறையில் காட்டும் முறை

உயர் மின்னழுத்த அடுக்கை மாணவர் தொட வேண்டியதில்லை. இதன் தத்துவத்தைச் சிறு கலங்களைக் கொண்டே காட்டலாம். கடைகளில் கிடைக்கும் 1.2 வோல்ட் நிக்கல்-உலோக ஹைட்ரைடு கலங்கள் மூன்றை எடுத்து, இரண்டை முழுதும் மின்னேற்றி, மூன்றாவதைப் பெரும்பாலும் காலியாக்கி, தொடராக ஒரு சிறு டார்ச் பல்புடன் இணைக்க வேண்டும். ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் நிமிடத்துக்கு ஒருமுறை மாணவர் குறித்து வரலாம். மூன்றாவது கலத்தின் அளவு சுழிக்கு இறங்கி, பின் மல்டிமீட்டரில் கழித்தல் குறி தோன்றும். அதுவே முனை தலைகீழாதல். உடனே இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். பல்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கையிலேயே ஒரு கலம் அழிந்துகொண்டிருப்பதை மாணவர் கண்ணாரக் காண்பர்.

கழித்த தொகுதிகள்

கெட்ட தொகுதிகளில் நிக்கலும் அருமண் உலோகங்களும் உள்ளன, கடுங்காரமும் உள்ளது. அவற்றைக் குப்பையில் எறிவதும், உடைப்பதும், எரிப்பதும் தீங்கு. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்தீர்ந்த பாட்டரிகளைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது சுமத்தியுள்ளன. கிராமத்துப் பணிமனைகளுக்குச் செல்லும் களப்பணியாளர், பழைய தொகுதிகளை முனைகளில் காப்புநாடா ஒட்டி, நனையாத இடத்தில் வைத்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்குமாறு எடுத்துரைக்கலாம். அத்துடன், அடுக்கின் மூடியைத் திறக்க முற்படும் மெக்கானிக்கிடம், சான்று பெற்ற கையுறையும் உடனிருக்க ஒரு துணையும் உண்டா என்று முதலில் கேட்பது அவர் கடமையாகும்.