ஒரு சிப்புக்குப் பின்னால் இத்தனை அரசியலா? - 'டெக் பாலிசி' முதுநிலைப் படிப்பில் என்ன சொல்லித்தருகிறார்கள்?

"இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸா? அப்போ ஐ.எஃப்.எஸ் ஆகப்போறியா?" - இந்தப் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே வீட்டில் வரும் முதல் கேள்வி இதுதான். ஐ.எஃப்.எஸ் ஆக இந்தப் பட்டம் தேவையே இல்லைங்க. எந்த டிகிரி முடித்தவரும் யு.பி.எஸ்.சி எழுதலாம். அப்படியென்றால் வெளியுறவு, பாதுகாப்பு, புதிய தொழில்நுட்பம் மூன்றையும் சேர்த்து முதுநிலையில் எதைத்தான் படிக்கிறார்கள்?

விலை உயர்ந்த ஒரு செல்போனை எடுத்துக்கொள்வோம். அதன் சிப்பை வடிவமைப்பது கலிஃபோர்னியாவில் என்றால், தயாரிப்பது தைவானின் டி.எஸ்.எம்.சி. அந்தத் தயாரிப்புக்குத் தேவையான இ.யு.வி இயந்திரத்தைச் செய்வது உலகத்திலேயே ஒரே ஒரு நிறுவனம், நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். அதற்குள் இருக்கும் கண்ணாடிகள் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்திலிருந்து வருகின்றன.

2019-லிருந்தே இந்த இயந்திரம் சீனாவுக்குப் போக நெதர்லாந்து அரசு அனுமதி தரவில்லை. பின்னணியில் அமெரிக்காவின் அழுத்தம். 2022 அக்டோபர் 7-ம் தேதி அமெரிக்க வணிகத்துறை இன்னும் ஒரு படி மேலே போனது. உயர்ரக ஏ.ஐ சிப்களையும், சிப் தயாரிப்புக் கருவிகளையும் சீனாவுக்கு விற்கக் கடுமையான கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது.

இப்போது வகுப்பறைக்குள் வருவோம். 'முந்தைய தலைமுறை டி.யு.வி இயந்திரங்களையும் தடுக்கலாமா?' இதுதான் கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினீயரைக் கேட்டால், "அதை வைத்தே பலமுறை பதித்து ஓரளவு நவீன சிப்பைச் செய்துவிடலாம், தடுங்கள்" என்பார். பொருளாதாரம் படித்தவர், "விற்பனை விழுந்தால் அடுத்த ஆராய்ச்சிக்குக் காசு எங்கிருந்து வரும்?" என்பார். வக்கீலுக்கு, எந்தச் சட்டத்தின்கீழ் தடுப்பது என்ற கவலை. தூதரக அதிகாரியோ, "பெய்ஜிங் சும்மா இருக்குமா?" என்பார்.

சும்மா இருக்கவில்லை! 2023 ஜூன் கடைசியில், சில டி.யு.வி இயந்திரங்களுக்கும் லைசென்ஸ் கட்டாயம் என்று நெதர்லாந்து அறிவித்தது. சில நாள்களிலேயே கேலியம், ஜெர்மானியம் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டது. இரண்டுமே செமிகண்டக்டர் துறைக்கு வேண்டிய உலோகங்கள். இரண்டிலும் உலக உற்பத்தியின் பெரும்பங்கு சீனாவிடம்தான்.

இந்த நாலு பேர் பேச்சையும் கேட்டு, அமைச்சர் படிக்க இரண்டு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். பரிந்துரை முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். 'பாலிசி மெமோ' என்கிற இந்த எழுத்துதான் படிப்பின் உயிர்நாடி. 20 பக்கம் எழுதிப் பழகிய நமக்கு இது ஆரம்பத்தில் படுத்தி எடுத்துவிடும். கோடிங் தெரிந்திருக்க வேண்டுமா? கட்டாயமில்லை. ஆனால், அந்த இன்ஜினீயர் சொல்வது புரியாமல் மெமோ எழுத முடியாது.

அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் இதில் பெயர் பெற்றது. 2019-ல் பாதுகாப்பும் புதிய தொழில்நுட்பமும் குறித்த தனி ஆய்வு மையமே அங்கு தொடங்கப்பட்டது. இந்திய வெளியுறவு அமைச்சகமும் 2020-ல் புதிய தொழில்நுட்பங்களுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது. இங்கேயே படிக்க டெல்லி ஜே.என்.யூ இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் உத்திசார் ஆய்வுகளுக்குத் தனித் துறையே உண்டு.

கடன் வாங்கி அமெரிக்கா போக நினைப்பவர்கள் ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரி விளம்பரங்களில் இது பெரிதாக இருக்காது. அங்கு பாதுகாப்புத் துறை வேலைகளில் பலவற்றுக்கு 'செக்யூரிட்டி கிளியரன்ஸ்' வேண்டும். பொதுவாக அது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே. இன்னொன்று, படிப்பு முடிந்து அங்கே வேலை பார்க்க 12 மாத அனுமதிதான். கூடுதல் 24 மாதம் ஸ்டெம் பட்டங்களுக்கு மட்டும். வழக்கமான இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் பட்டங்கள் அந்தப் பட்டியலில் வராது. அதனால் பணம் கட்டும் முன், பட்டத்தின் சி.ஐ.பி கோடு என்ன, அது ஸ்டெம் பட்டியலில் இருக்கிறதா என்று கல்லூரிக்கு மெயில் போட்டு எழுத்திலேயே பதில் வாங்கிவிடுங்கள்.

கடனே வேண்டாம் என்பவர்கள் பிரிட்டனின் செவனிங் ஸ்காலர்ஷிப்பைப் பார்க்கலாம். ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கான கட்டணம், தங்கும் செலவு எல்லாம் அவர்களே தருவார்கள். கண்டிஷன் இரண்டு. விண்ணப்பிக்க இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி, குறைந்தது இரண்டு வருடம் இருக்க வேண்டும்.