காலை இழுத்து நடக்கும் உளவாளி: ‘தி போர்ன் சுப்ரீமசி’ ஏன் இன்னும் பிடிக்கிறது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையில் கதை முழுசா வெளியே வந்துவிடும். படம் வந்தது 2004இல். எனக்கும் அதுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. அதனால் ஸ்பாய்லர் போட்டுட்டேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஸ் சாப்பாடு முடிஞ்சு, ஹாஸ்டல் ரூமில் ஆறு பேர் ஒரே லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து இதைப் பார்த்தோம். ஒருத்தன் பாதியிலேயே தூங்கிட்டான். மீதி ஐந்து பேரும் படம் முடிஞ்சதும் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். கேள்வி ஒன்னுதான்: “எல்லாரும் இதை ரியலிஸ்டிக் ஸ்பை படம்னு சொல்றாங்களே, இதுல அப்படி என்னடா ரியல்?”

அந்தச் சண்டையில் நான் அன்னிக்குச் சரியா பதில் சொல்லலை. இப்போ சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் கொஞ்சம் முன்கதை

2002இல் ரெண்டு உளவாளிப் படங்கள் வந்தன. ஒன்று ஜேம்ஸ் பாண்ட் படமான ‘டை அனதர் டே’. அதில் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் கார் உண்டு, பனிக்கட்டியில் கட்டிய மாளிகை உண்டு. இன்னொன்று டக் லைமன் இயக்கிய ‘தி போர்ன் ஐடென்டிட்டி’. அதில் ஹீரோவுக்குத் தன் பெயரே தெரியாது. முதுகில் ரெண்டு குண்டோடு மத்தியதரைக் கடலில் மிதந்தவனை மீனவர்கள் தூக்கிக் காப்பாற்றுவார்கள். தான் யார் என்று தேடிப் போனால், அமெரிக்க சி.ஐ.ஏ.வின் ஒரு ரகசியத் திட்டம் உருவாக்கிய கொலையாளி என்று தெரியவரும். அந்தத் தேடலில் கூட வரும் மரீ என்ற பெண்ணோடு அவன் சேர்வதோடு படம் முடியும்.

இதுக்கு ரெண்டாம் பாகம் எடுக்கணும்னா என்ன செய்வார்கள்? நமக்கே தெரியும். முதல் பாகத்தில் பத்து பேரை அடிச்சா, ரெண்டாவதில் நூறு பேர். முதலில் ஒரு ஊர், அப்புறம் உலகமே ஆபத்தில். ராபர்ட் லட்லம் 1986இல் எழுதிய ‘தி போர்ன் சுப்ரீமசி’ நாவல் ஹாங்காங், சீனா என்று போகும். திரைக்கதை எழுதிய டோனி கில்ராய் கிட்டத்தட்ட அந்தத் தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, வேற கதை எழுதினார். அந்தக் கதை பெரிசாகப் போகவில்லை. திரும்பிப் பார்க்கப் போனது. முதல் பாகத்தில் மறந்துபோன விஷயங்கள் இருக்கிறதே, அதில் இவன் செய்த கொலைகளும் இருக்கும் இல்லையா? அந்தக் கணக்கு என்ன ஆச்சு?

இயக்குநரும் மாறினார். பால் கிரீன்கிராஸ். பிரிட்டிஷ் டிவியில் செய்தி ஆவணப்படங்கள் எடுத்து வந்தவர். 1972இல் வட அயர்லாந்தில் ஊர்வலம் போனவர்கள் மீது ராணுவம் சுட்டதைப் பற்றி 2002இல் ‘பிளடி சண்டே’ எடுத்தவர். அதைவிடச் சுவாரசியம், பீட்டர் ரைட் என்ற முன்னாள் எம்.ஐ.5 அதிகாரியோடு சேர்ந்து ‘ஸ்பைகேட்சர்’ என்ற புத்தகத்தை எழுதியவர் இவர். 1987இல் வந்த அந்தப் புத்தகத்தைத் தடுக்க பிரிட்டிஷ் அரசாங்கம் கோர்ட்டு கோர்ட்டாக ஏறியது. ஆக, உளவுத்துறையில் நிஜமா வேலை பார்த்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய ஆள் கையில் இந்தப் படம் போனது.

கேமரா ஆடுறதாலயா?

ஹாஸ்டல் சண்டையில் முதலில் வந்த பதில் இது: “கேமராவைக் கையில பிடிச்சு ஆட்டிட்டு எடுத்தா ரியல் மாதிரி இருக்கும், அவ்ளோதான்.”

பாதி சரி. சாதாரண ஆக்‌ஷன் படத்தில் கேமரா எல்லாம் தெரிந்த கேமரா. ஹீரோ எங்கே குதிப்பான் என்று அதுக்கு முன்கூட்டியே தெரியும், அங்கே போய் ரெடியா நிற்கும். இந்தப் படத்தில் கேமரா அரை நொடி லேட்டாக வருகிறது. அடி விழுந்த அப்புறம்தான் அந்தப் பக்கம் திரும்புகிறது. நடுவில் ஒரு தோள் மறைக்கிறது, ஒரு கதவு மறைக்கிறது. நடக்கப்போவது தெரியாமல் மாட்டிக்கொண்ட ஒரு ஆள் பக்கத்திலிருந்து படம் பிடிப்பது போல இருக்கும். கூடவே ஒரு ஷாட் சராசரியாக ரெண்டு செகண்டுக்கு மேல் நிற்பதில்லை. தலை சுத்துது என்று அப்போதே நிறையப் பேர் திட்டினார்கள். எங்க ரூமில் தூங்கினவனும் அதையேதான் சொன்னான்.

ஆனால் இதுக்கப்புறம் எத்தனையோ படங்கள் கேமராவை ஆட்டின. அதெல்லாம் நமக்கு நினைவிருக்கா? இல்லை. அப்போ விஷயம் கேமராவில் மட்டும் இல்லை.

டெக்னாலஜி சரியா இருக்கிறதாலயா?

இது எங்க ஈ.சி.இ. நண்பனின் வாதம். போர்னிடம் ஸ்பெஷல் கருவி எதுவும் இல்லை, கையில் கிடைப்பதை வைத்து வேலையை முடிக்கிறான், அதனால் ரியல் என்றான். உண்மைதான். மியூனிக் நகரத்து வீட்டில் நடக்கும் சண்டையில் அவன் ஆயுதம், சுருட்டிய ஒரு பத்திரிகை. பெர்லினில் ஒரு சி.ஐ.ஏ. அதிகாரி எந்த ஹோட்டலில் தங்கியிருக்கிறார் என்று கண்டுபிடிக்க சாட்டிலைட் எல்லாம் கிடையாது. ஒவ்வொரு ஹோட்டலாகப் போன் போட்டு அவர் பெயரைச் சொல்லிக் கேட்கிறான். நாமளும் செய்யக்கூடிய வேலை!

ஆனா அதே நண்பன் கண்டுக்காம விட்ட ஒரு ஓட்டை இருக்கு. நேப்பிள்ஸ் நகரத்தில் ஒரு அதிகாரியை அடித்துப் போட்டு, அவர் சிம் கார்டை சில நொடிகளில் காப்பி அடித்து, அவருக்கு வரும் காலைப் போர்ன் ஒட்டுக்கேட்பான். சிம் குளோனிங் பொய் இல்லை. பழைய ஜி.எஸ்.எம். சிம்களில் இருந்த ‘காம்ப் 128’ அல்காரிதத்தின் முதல் வெர்ஷன் பலவீனமானது என்று 1998லேயே காட்டிவிட்டார்கள். ஆனால் உள்ளே இருக்கும் ரகசியக் குறியீட்டை எடுக்க, கார்டிடம் லட்சத்துக்கும் மேல் கேள்வி கேட்கணும். அதுக்கு மணிக்கணக்கில் ஆகும். சரி, எடுத்தாச்சு என்றே வைப்போம். அப்பவும் ஒரே அடையாளத்தில் ரெண்டு சிம் இருந்தால், கடைசியாகப் பதிவான போனைத்தான் நெட்வொர்க் கூப்பிடும். இன்னொருத்தர் பேசுவதை நடுவில் உட்கார்ந்து கேட்க முடியாது.

ஆக, தொழில்நுட்பக் கணக்கில் படம் பாஸ் ஆகவில்லை. இருந்தும் அந்தக் காட்சியில் நமக்குச் சந்தேகம் வரவில்லை. ஏன்?

பதில் அவன் காலில் இருக்கிறது

பெர்லினில் போலீஸ் துரத்தும்போது, போர்ன் ஒரு பாலத்திலிருந்து கீழே போகும் படகின் மீது குதிப்பான். காலில் அடிபடும். இதுவரைக்கும் எல்லாப் படத்திலும் உண்டு. இதுக்கப்புறம்தான் வித்தியாசம். அடுத்த சீனில் கால் சரியாகிவிடாது. அவன் மாஸ்கோ போகும்போதும் நொண்டுவான். அங்கே தோளில் குண்டு படும். ஒரு கடைக்குள் புகுந்து வோட்கா பாட்டிலைத் தூக்குவான், குடிக்க இல்லை, காயத்துக்கு. அதே தோளோடு ஒரு மஞ்சள் நிற வோல்கா டாக்ஸியைத் திருடி ஓட்டுவான். அந்த கார் சேஸிங்கில் டாக்ஸிக்கு ஒவ்வொரு பக்கமாக அடி விழும். முடியும்போது அது கார் மாதிரியே இருக்காது.

அந்த சேஸிங்கை எடுத்த விதம் மெக்கானிக்கல் பசங்களுக்குப் பிடிக்கும். ஸ்டன்ட் வேலைகளைப் பார்த்தவர் டான் பிராட்லி. ‘கோ மொபைல்’ என்று ஒரு வண்டி பயன்படுத்தினார்கள். இன்ஜினும் சக்கரமும் உள்ள தாழ்வான ஒரு அடித்தளம். அது மேலே படத்தில் வரும் காரின் பாடியைப் பொருத்திவிடுவார்கள். நிஜ டிரைவர் வேறு இடத்தில் உட்கார்ந்து வேகமா ஓட்டுவார், உள்ளே மேட் டேமன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடிப்பார். திருப்பத்தில் அவர் உடம்பு ஒரு பக்கமாகத் தள்ளப்படுவது நடிப்பு இல்லை, நிஜ விசை. நம்ம உடம்புக்கு அது தெரிஞ்சிடும்.

இப்போ என் பதிலுக்கு வர்றேன். இந்தப் படத்தில் ‘ரியல்’ என்றால் உண்மையில் நடக்கக்கூடியது என்று அர்த்தம் இல்லை. எது நடந்தாலும் அதுக்கு ஒரு விலை உண்டு, அந்த விலை அடுத்த சீனிலும் இருக்கும் என்று அர்த்தம். அடிபட்டால் வலி தொடரும். கார் இடித்தால் நசுங்கும். ஒருத்தர் செத்தால், படம் முடியும்வரை அவர் இல்லாதது தெரியும்.

மரீ விஷயத்தில் இதைக் கவனிங்க. படம் நம்ம கோவாவில் ஆரம்பிக்கிறது. ரெண்டு பேரும் ஒளிந்து வாழ்கிறார்கள். ஒரு கொலையாளி தேடி வருகிறான். ஜீப்பில் தப்பிக்கும்போது போர்னும் மரீயும் இடம் மாறி உட்காருவார்கள். வண்டியை ஓட்டுவது போர்ன்தான் என்று நினைத்து அவன் சுடுகிறான். செத்தது மரீ. ஜீப் பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறது. தண்ணிக்கடியில் அவளுக்கு மூச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு, முடியாமல் போர்ன் கையை விடுகிறான். படம் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது!

இனி என்ன, பழிவாங்கல்தானே? அப்படித்தான் நாங்களும் நினைத்தோம். ஆனால் எல்லாத்துக்கும் காரணமான வார்ட் அபட் என்ற சி.ஐ.ஏ. அதிகாரி முன்னால் துப்பாக்கியோடு நிற்கும்போது போர்ன் சுடமாட்டான். மரீ இதை விரும்ப மாட்டாள் என்பதுதான் காரணம். வாக்குமூலத்தை டேப்பில் பதிவு செய்துகொண்டு போய்விடுவான். மாஸ்கோ சுரங்கப்பாதையில், மரீயைக் கொன்றவன் நசுங்கிய காருக்குள் கிடக்கும்போதும் சுடமாட்டான். பார்த்துவிட்டு நடந்துவிடுவான்.

கிளைமாக்ஸில் சண்டை இல்லை

சேஸிங் முடிந்ததும் படம் முடிந்துவிட்டது என்று எங்க ரூமில் ஒருத்தன் லைட் போடப் போனான். முடியலை. போர்ன் காலை இழுத்துக்கொண்டு ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறான். அங்கே இரீனா நெஸ்கி என்ற இளம் பெண் தனியாக இருக்கிறாள். பல வருஷம் முன்னால் பெர்லின் ஹோட்டலில் அவள் அப்பாவும் அம்மாவும் செத்தார்கள். அம்மாதான் அப்பாவைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டாள் என்று அவள் நம்பி வளர்ந்திருக்கிறாள். அது அப்படி இல்லை, கொன்றது நான்தான் என்று போர்ன் சொல்கிறான். மன்னிப்பு கேட்கிறான். எழுந்து வெளியே பனியில் நடக்கிறான்.

அவள் மன்னிக்கவில்லை. கட்டிப்பிடித்து அழவும் இல்லை. அவன் அவளுக்குக் கொடுத்தது ஒன்னே ஒன்னு: அம்மாவைப் பற்றிய உண்மை. இத்தனை ஊர் ஓடி, குண்டு வாங்கி, அவன் வந்து சேர்ந்தது இந்த நாற்காலிக்குத்தான். ஒரு ஆக்‌ஷன் படத்தின் சீக்வல், ஒரு மன்னிப்பில் போய் நிற்கிறது. முதல் பாகத்தில் ‘நான் யார்’ என்று கேட்டவன், ரெண்டாம் பாகத்தில் ‘நான் என்ன செய்தேன்’ என்று கேட்கிறான். பெரிசாக்காமலே ஒரு சீக்வலை ஆழமாக்க முடியும் என்பதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

இதுக்கப்புறம் பாண்ட் படங்களே மாறின. 2006இல் ‘கசினோ ராயல்’ பாண்டுக்கு ரத்தம் வந்தது, வலித்தது. அதன் அடுத்த படமான ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ ஆக்‌ஷன் வேலைக்கு அதே டான் பிராட்லியையே கூப்பிட்டார்கள்.

கடைசியா என் கதை, சுருக்கமா

செகண்ட் இயரில் எங்க மினி புராஜெக்ட், ரிவ்யூக்கு முந்தின ராத்திரி போர்டு எரிந்து போனது. சப்ளையை மாத்திக் கொடுத்தது நான். அதுக்கு முன்னால் கடைசியாக சாலிடர் பண்ணியது என் டீம்மேட். எல்லாரும் அவனைத்தான் சொன்னார்கள். மார்க்கும் அவனுக்குத்தான் குறைந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

படம் பார்த்து ரெண்டு வாரம் கழித்து, பஸ் ஸ்டாப்பில் அவனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. “இப்ப வந்து சொல்றியாடா?” என்று கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து, “நான்தான் ஏதோ ஷார்ட் பண்ணிட்டேன்னு இவ்ளோ நாளா நினைச்சிட்டிருந்தேன். அப்புறம் சாலிடரிங் அயர்ன தொடவே இல்ல” என்றான். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான்.

எங்களுக்குள் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் பொய். பார்த்தால் தலையாட்டுகிறோம், அவ்வளவுதான். ஆனால் போன வாரம் லேபில் அவன் சாலிடரிங் அயர்னோடு நின்றதைப் பார்த்தேன்.

எனக்கு இந்தப் படம் ரியலாகப் பட்டது அந்த பஸ் ஸ்டாப்பில்தான். நீங்களும் பாருங்க. முதல் பாகத்தை முதலில் பார்த்துவிட்டுப் பாருங்க. முக்கியமா, சேஸிங் முடிஞ்சதும் எழுந்து லைட் போடாதீங்க.