உங்களுக்குத் தெரியுமா? ‘யாவும் கற்பனையே’ என்று போட்டால் போதுமா?

★ ‘இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே’ என்ற அறிவிப்பு பரவக் காரணம் ஒரு ரஷ்ய இளவரசி. 1932இல் எம்.ஜி.எம். எடுத்த படத்தில், ரஸ்புடினால் சீரழிக்கப்படும் ‘நடாஷா’ தன்னைத்தான் குறிக்கிறாள் என்று இரினா யூசுபோவ் லண்டனில் வழக்குப் போட்டார். 1934இல் கிடைத்த இழப்பீடு 25,000 பவுண்டு! பெயரை மாற்றியும் ஸ்டூடியோ தப்பவில்லை.

★ பெயர் தற்செயலாக ஒத்துப்போனாலும் வம்புதான். 1908இல் ஓர் ஆங்கில ஞாயிறு இதழ், ‘ஆர்ட்டிமஸ் ஜோன்ஸ்’ என்றொரு தேவாலய நிர்வாகியைக் கற்பனை செய்து, மனைவியல்லாத பெண்ணோடு பிரான்சில் உலவவிட்டது. அதே பெயரில் நிஜ வழக்கறிஞர் ஒருவர் இருந்தார். 1,750 பவுண்டு வாங்கிவிட்டார்.

★ சிங்கப்பூர்ச் சட்டமும் அந்த மரபில் வந்ததே. ‘தேக்காவில் நகைக்கடை வைத்திருக்கும் முன்னாள் பாடகி’ என்று மட்டும் எழுதி இழிவுபடுத்தினாலும், ‘அட, இது இன்னார்தானே’ என்று வாசகர்கள் கண்டுகொண்டால் வழக்குக்கு இடமுண்டு. கவனமாக எழுதியும் தெரியாமல் நேர்ந்துவிட்டதா? திருத்தமும் மன்னிப்பும் வெளியிட முன்வந்தால், 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் வழிவிடுகிறது.

★ இறந்தவருக்காக சிவில் அவதூறு வழக்குப் போட முடியாது. ஆனால், குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு எழுதினால், தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு பாயலாம். இரண்டு ஆண்டு வரை சிறை. இந்தியாவில் அந்த 499, 2024 ஜூலையில் 356 ஆகிவிட்டது. இங்கே எண் மாறவில்லை.

★ சிங்கப்பூரின் பேர்பெற்ற அவதூறு வழக்கு ஒன்று தமிழ்க் கட்டுரையால் வந்தது. தமிழ் மொழி வாரத்தைப் பற்றி 1995இல் பாட்டாளிக் கட்சியின் ‘தி ஹேமர்’ ஏட்டில் வெளியான கட்டுரை அது. ஏற்பாட்டுக் குழுவினர் வழக்குத் தொடுத்து வென்றார்கள். இழப்பீட்டுத் தவணை தவறியதில் கட்சித் தலைவர் ஜே.பி. ஜெயரத்தினம் 2001இல் திவாலானார். நாடாளுமன்ற இடமும் பறிபோனது.

★ லீ குவான் இயூ பாத்திரமாக வரும் சானி லியூவின் சித்திர நாவலுக்கு எதிராக அவதூறு வழக்கு வரவில்லை. ஆனால் 2015இல் தேசியக் கலைகள் மன்றம் 8,000 வெள்ளி மானியத்தைத் திரும்பப் பெற்றது. மன்றச் சின்னத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி விற்றது பதிப்பகம். அதே நூல் 2016இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசையும், 2017இல் மூன்று ஐஸ்னர் விருதுகளையும் தட்டிச் சென்றது!