கரண்ட்டா, பெட்ரோலா?

பல வருடம் ஷெட்டில் நின்ற பழைய கார் ஒரு நாள் உறுமி எழுந்துவிட்டால் வீடே கூடிக் கைதட்டுகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். காலடிப்பேட்டையில் கிளம்பி எண்ணூர் பக்கம் போவதற்குள் இன்ஜின் ஆஃப் ஆகிவிடும். செல்ஃப் அடித்தால் சுற்றும், பிடிக்காது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக் வந்து பார்க்கும்போது வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்.

பழைய கார் வடசென்னைக்கு விருந்தாளி அல்ல. ரகுநந்தன் சரண் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது எண்ணூரில்தான். 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆனது. கார் போய் லாரியும் பஸ்ஸும் வந்தன. அதே காலத்தில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் வந்தது. சென்னையின் இன்னொரு கோடியில், வண்டலூரில், ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961 முதல் உருவானது. இப்படி இங்கேயே பிறந்த வண்டிகளை, காரணம் தெரியாமல் எடைக்குப் போடுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

பெரும்பாலும் நடப்பது இதுதான்: பேட்டரியை மாற்றுகிறார்கள், பிளக்கை மாற்றுகிறார்கள், புதுப்பேட்டைக்குப் போய் கார்ப்பரேட்டரே வாங்கி வருகிறார்கள். வண்டி மறுபடியும் அதே இடத்தில் நிற்கிறது. பழைய கை மெக்கானிக்குகள் ஒரு பொருளையும் கழற்றுவதற்கு முன் ஒரே கேள்வி கேட்பார்கள்: கரண்ட்டா, பெட்ரோலா? அதற்குப் பதில், வண்டி செத்துக் கிடக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் கிடைக்கும். ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டால் தடயம் போய்விடும்.

நின்ற விதமே பாதி சொல்லிவிடும். சாவியைத் திருப்பி அணைத்ததுபோல ஒரே வெட்டாக நின்றால் கரண்ட். விக்கி, திணறி, இழுவை குறைந்து நின்றால் பெட்ரோல். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் நடு வயரைக் கழற்றி, ரப்பர் பிடி போட்ட குறட்டால் இன்ஜின் இரும்புக்கு அரை சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து செல்ஃப் அடித்தால், நீலப் பொறி படபடவென்று தாவ வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருந்தால் இதைச் செய்யவே கூடாது. பொறி மஞ்சளாக, சோம்பலாக வந்தாலோ, வராமலே போனாலோ, காயிலையும் கண்டென்சரையும் சந்தேகப்படுங்கள். சூடேறியதும் காயிலுக்குள் சுற்று அறுந்து, ஆறியதும் மீண்டும் சேர்ந்துகொள்வது உண்டு. கண்டென்சர் போனால் பாயிண்ட் முனை கருகிக் குழி விழுந்திருக்கும். இன்னொன்று: ஏ40-இல் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் சேர வேண்டும். இக்காலப் பழக்கத்தில் மாற்றி மாட்டினால் பொறியின் வலு குறையும்.

கரண்ட் சரியாக இருக்கிறதா? அப்படியானால் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. டேங்க் மூச்சுவிட முடியாமல் பெட்ரோலைப் பிடித்து வைத்திருந்தது என்று அர்த்தம். மூடி குற்றவாளி இல்லையென்றால், பெட்ரோலை இழுத்துத் தரும் ஏசி பம்ப் மேல் ஈரத்துணி போடுங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி பம்புக்குள் நிற்கிறது. சித்திரை வெயிலில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தால் இது நடக்கும்.

ஆனால் வடசென்னையில் நான் முதலில் சந்தேகப்படுவது டேங்கைத்தான். கடல் இங்கே கூப்பிடு தூரத்தில். பாதி காலியான டேங்க், பகலில் காற்றை வெளியே தள்ளும், இரவில் குளிர்ந்து உப்பு ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். பெட்ரோல் தொடாத மேல்தகடு துருப்பிடித்து உதிர்கிறது. வண்டி ஓடும்போது அந்தத் துரு மெல்ல இழுபட்டு பைப் வாயில் அடைத்துக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் இழுப்பு விட்டு, துரு கீழே இறங்கிவிடும். வண்டி மறுபடி ஓடும். எல்லோரும் சூட்டைத் திட்டுவார்கள். இன்ஜின் ஆறியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வெள்ளத்தில் நனைந்த வண்டியானால் தண்ணீரும் அடியில் கிடக்கும். இப்போது பெட்ரோலில் கலக்கும் 20 சதவீத எத்தனால் ஈரத்தை ஈர்க்கும், அந்தக் கால ரப்பர் டியூபையும் பம்ப் டயஃப்ரமையும் ஊறவைத்துக் கெடுக்கும். டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்து பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது வண்டிக்கு நல்லது என்று நம்புகிறோம். அது கெடுதல். இன்ஜின் முழுதாகச் சூடேறாமல் சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீர்தான் சேரும். எடுத்தால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் கார்ப்பரேட்டரை வடித்து, பேட்டரி வயரைக் கழற்றி வையுங்கள்.

இப்படிக் காப்பாற்றிய வண்டியைப் பதிவு செய்யவும் வழி உண்டு. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, மூல வடிவம் மாறாத கார்களைத் தனியாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய், பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும். அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும், பெட்ரோல் போடவும், பராமரிப்புக்கும் சாலையில் எடுக்கலாம். உங்கள் தெருவில் தார்ப்பாய்க்குள் ஒரு ஏ40-யோ ஹெரால்டோ இருந்தால், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் அதன் டேங்கை ஒருமுறை இறக்கிக் கழுவிப் பாருங்கள்.